மூன்றாவது நாற்காலியில் கேட்ட கனவுகள்

அடுத்த செவ்வாய்க்கிழமை அந்த அறைக்குள் போகும்போது மூன்று நாற்காலிகளைப் பார்ப்பீர்கள். ஜன்னல் பக்கம் இருப்பது டொக்டருடையது. கதவுக்குக் கிட்ட இருப்பது நோயாளியுடையது. மூச்சு முட்டினால் யாரையும் கடக்காமல் எழுந்து வெளியே போக வேண்டும் அல்லவா, அதற்காக. மூன்றாவது, ஒரு கால் கட்டையாகி ஆடிக்கொண்டிருப்பது, மொழிபெயர்ப்பாளர்களான எங்களுடையது. அதைத் திருத்தித் தரச் சொல்லிக் கேட்டுக் கேட்டு நான் ஓய்ந்துவிட்டேன். நீங்கள் புதியவர்கள், உங்களுக்காவது செய்து தருகிறார்களா பார்ப்போம்.

இருபத்தாறு வயதுக்காரி ஒருத்தி, ஆயுள் முழுக்க உழைத்து ஓய்வுபெற்றவள் போல உபதேசம் எழுத உட்கார்ந்திருக்கிறேன். சிரிக்க வேண்டுமென்றால் இப்போதே சிரித்துவிடுங்கள். ஆனால் இந்த மருத்துவமனையில் தமிழுக்கும் ஜெர்மனுக்கும் நடுவில் இருந்த முதல் ஆள் நான்தான். எனக்கு முன்னால் யாரும் இருக்கவில்லை, ஆகையால் எனக்கு யாரும் எதுவும் எழுதி வைக்கவில்லை. அந்தக் குறை உங்களுக்கு வேண்டாம்.

சொற்களைப் பற்றி ஒன்றும் சொல்லப் போவதில்லை. அதற்கு அகராதி இருக்கிறது, இல்லாததைக் கேட்டுப் பிடித்துக்கொள்வீர்கள். அகராதி கைவிட்டுவிடும் நேரம் ஒன்று வரும். எல்லோரும் உங்கள் வாயையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். அந்த நேரத்தைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

டொக்டரை உங்களுக்குத் தெரியும். உயரமான பெண்மணி, கழுத்தில் கண்ணாடி தொங்கும், கோபம் வந்தால் குரல் இறங்கிக்கொண்டே போகும். அவர் மேசையில் ஒரு கிழவரின் படம் இருக்கும்: வாயில் புகைக்கும் சுங்கான், வட்டக் கண்ணாடி, குறும்பான கண்கள். அவர் யார் என்று நான் கேட்ட அன்றுதான் என்னுடைய பைத்தியம் தொடங்கியது. "சூரிச்சுக் கிழவர்" என்று மட்டும் டொக்டர் சொன்னார். இந்த மனநல வார்டில் எல்லோரும் அப்படித்தான் சொல்வார்கள், நானும் அப்படியே சொல்கிறேன்.

அந்தக் கிழவர் இளம் டொக்டராக ஒரு மனநோய் மருத்துவமனையில் வேலைக்குச் சேர்ந்த காலத்தில், அங்கிருந்தவர்களின் பேச்சைப் பிதற்றல் என்று ஒதுக்கிவிடுவதுதான் வழக்கம். இவர் உட்கார்ந்து கேட்டார். பிதற்றலுக்குள் ஒரு கதை இருக்கும் என்று நம்பினார். பிறகு ஒரு சோதனை வைத்தார். ஒரு சொல்லைச் சொல்வார். கேட்பவர் மனதில் முதலில் வருகிற சொல்லைச் சொல்ல வேண்டும். இவர் கையில் கடிகாரத்தோடு அளப்பார். சில சொற்களுக்குப் பதில் தாமதமாக வரும். அந்தத் தாமதத்துக்குக் கீழே ஏதோ கிடக்கிறது என்றார். அந்த ஆள் வேண்டுமென்று ஒளித்து வைத்ததில்லை, அந்த ஆளுக்கே தெரியாமல் ஒளிந்திருப்பது. இதைக் கேட்டபோது எனக்கு மயிர் கூச்செறிந்தது. யாழ்ப்பாணத்தில் மருத்துவ பீடத்தில் உடம்பை அறுத்துப் பார்த்தவள் நான். மனதைக் கடிகாரத்தால் அறுக்கலாம் என்று யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை.

டொக்டருக்கும் ஆசை வந்துவிட்டது. நித்திரை வராமல் வந்திருந்த ஒரு அக்காவிடம் அந்தச் சோதனையைச் செய்து பார்த்தோம். டொக்டர் ஜெர்மனில் சொல்வார், நான் தமிழில் சொல்வேன், அக்கா பதில் சொல்வார். தண்ணீர் என்றால் கிணறு. மழை என்றால் சகதி. அக்கா பள்ளிக்கூட விளையாட்டுப் போலச் சிரித்துக்கொண்டு சொல்லிக்கொண்டே போனார். நடுவில் பரீட்சை என்று ஒரு சொல் வந்தது. "பெயில்" என்றார் அக்கா, உடனே. ஆனால் டொக்டர் கடிகாரத்தைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

"இந்தத் தாமதம் யாருடையது?" என்றார்.

நான் கேள்வியை அக்காவிடம் திருப்பத் தொடங்கினேன்.

"அவரிடம் கேட்கவில்லை. உங்களிடம் கேட்கிறேன்."

சொல் ஜெர்மனில் வந்து தமிழில் போவதற்குள் நான் எங்கேயோ போய்விட்டு வந்திருக்கிறேன். எங்கே என்று எனக்குத் தெரியும். பரீட்சை மண்டபத்துக்கு. கதிரைகள் போட்டு, சுட்டெண் ஒட்டி, நாட்டை விட்டு வந்ததால் நான் போய் உட்காராமலே போன மண்டபம். அதற்குள் அக்கா என் கையைத் தட்டி, "என்னவாம் தங்கச்சி?" என்றார். என்ன செய்வது? "என்ர மனசுக்குள்ளதான் ஏதோ கிடக்காம் அக்கா" என்று அவருக்குச் சொன்னேன். அக்கா சிரித்த சிரிப்பில் தாதி கதவைத் திறந்து எட்டிப் பார்த்தார். அக்காவுக்கு அன்று நல்ல நித்திரை வந்ததாகப் பிறகு கேள்விப்பட்டேன்.

டொக்டர் கடிகாரத்தை மேசை லாச்சிக்குள் போட்டுப் பூட்டிவிட்டு, எனக்கு ஒரு விதி சொன்னார். எதையும் கூட்டாதீர்கள், எதையும் குறைக்காதீர்கள். அறைக்குள் யார் எதைச் சொன்னாலும் அது அறையில் இருக்கும் எல்லோருக்கும் போய்ச் சேர வேண்டும். இருமலைத் தவிர எல்லாவற்றையும் மொழிபெயர்க்க வேண்டும். இந்த விதியை உங்களுக்கும் சொல்வார்கள். அதன் முதல் பாதியைத்தான் எல்லோரும் பிடித்துக்கொள்வார்கள். நானும் அப்படித்தான்.

அதன் பிறகு நான் கிழவரை விடவில்லை. நூலகத்தில் அவர் எழுதியவற்றை எடுத்து, நான் இருக்கும் ஹம் நகரத்துக்கும் மருத்துவமனைக்கும் இடையில் ஓடும் ரயிலில் அகராதியை மடியில் வைத்துக்கொண்டு படித்தேன். இறங்க வேண்டிய நிலையத்தை விட்டுவிட்டு அடுத்த நிலையத்திலிருந்து திரும்பி நடந்திருக்கிறேன். வியன்னாவில் இருந்த தன் குருவான டொக்டரோடு அவர் முறித்துக்கொண்ட கதை, அதற்குப் பிறகு தானே சித்திரங்களுக்கும் குரல்களுக்கும் நடுவில் மூழ்கப் பார்த்த வருடங்கள், அதிலிருந்து கரையேறி ஏரிக்கரையில் தன் கையாலேயே கல் அடுக்கி வீடு கட்டியது. நோயாளிகளைப் பார்த்து ஒருவர் மனதைப் படிக்கலாம். தன் மனம் உடைகிறபோது உட்கார்ந்து அதைக் குறித்து வைக்க எப்படிப்பட்ட ஆளாக இருக்க வேண்டும்! டொக்டர் என் ஆர்வத்துக்கு அவ்வப்போது தண்ணீர் தெளிப்பார். முப்பதுகளில் இந்த நாட்டில் யூதர்களுக்கு நடந்ததைப் பற்றிக் கிழவர் பேசியதும் பேசாமல் விட்டதும் தனக்குச் சரியாகப் படவில்லை என்பார். படத்தை மேசையில் வைத்திருக்கிறேன், சுவரில் மாட்டவில்லை, வித்தியாசத்தைக் கவனியுங்கள் என்பார்.

ஹைம் என்று நாங்கள் சொல்கிற அகதி விடுதியில் எனக்குக் கனவு டொக்டர் என்று பட்டம் கிடைத்தது. பொதுச் சமையலறையில் கறி தாளிக்கிறபோதே பெண்கள் தொடங்கிவிடுவார்கள். "கனவு டொக்டர், என்ர மனுசன் கனவிலையும் சீட்டாடுறார். அதுக்கு என்ன மருந்து?" நானும் விடாமல் பாம்பு என்றால் இது, கடல் என்றால் அது என்று அடித்து விடுவேன். டொக்டரிடம் பெருமையாகச் சொன்னபோது அவர் குரல் இறங்கியது. கிழவர் திறக்கக் கூடாது என்று சொன்ன கடையையே அவர் பெயரில் திறந்து வைத்திருக்கிறீர்கள் என்றார். கனவுக்கு விலைப்பட்டியல் இல்லை. யார் கனவோ அவரிடம்தான் கேட்க வேண்டும்.

கேட்டுக்கொண்டேன். விளங்கியது சிவராசா அண்ணை வந்த பிறகுதான்.

அண்ணை ஊரில் யாழ்ப்பாணம் பருத்தித்துறை வழியில் பஸ் ஓட்டியவர். மனைவியையும் ஒரே மகளையும் பருத்தித்துறைப் பக்கம் விட்டுவிட்டு வந்திருந்தார். ஹைமில் முதலில் பேச்சு நின்றது, பிறகு சாப்பாடு நின்றது. அறையில் கூட இருந்தவர்கள் இரண்டு பக்கமும் பிடித்து வார்டுக்குக் கொண்டுவந்து விட்டார்கள். டொக்டர் அவசரப்படுத்தவில்லை. செவ்வாய்க்கிழமை தோறும் அண்ணை வருவார், உட்காருவார், தன் கைகளைப் பார்ப்பார், போவார். பிறகு மெல்ல மெல்லப் பேசத் தொடங்கினார். முதலில் பஸ்ஸைப் பற்றி. எந்த வளைவில் எந்த கியர் என்று நான் மொழிபெயர்த்த மாதிரி இந்த நாட்டில் யாரும் மொழிபெயர்த்திருக்க மாட்டார்கள். ஒரு செவ்வாயன்று, அந்த வார இறுதிக்கு ஹைமுக்குப் போய்வர அனுமதி கொடுப்பதாக டொக்டர் சொல்லியிருந்தார். இலைகள் மஞ்சளாகிக்கொண்டிருந்த காலம்.

அன்றுதான் அண்ணை தானாகவே ஒரு கனவைச் சொன்னார். கண்ணில் ஒரு வெளிச்சத்தோடு சொன்னார். "என்னைக் குளிப்பாட்டி, வெள்ளை வேட்டி கட்டி, விறாந்தையிலை கிடத்தியிருக்கினம். பறை அடிக்குது. ஊர்ச் சனம் முழுக்க வந்து நிக்குது. நான் கிடந்து எல்லாத்தையும் பாத்துக்கொண்டிருக்கிறன்."

கூட்டாமல் குறைக்காமல் சொன்னேன். டொக்டர் பேனாவை இறுக்கிப் பிடித்ததைப் பார்த்தேன். அடுத்து வந்த கேள்விகளும் பதில்களும் ஒன்றுக்கொன்று பொருந்தவில்லை. சாக வேண்டும் போல இருக்கிறதா என்று டொக்டர் கேட்டார். அண்ணை இல்லை என்றார், அந்தக் கேள்வியே மரியாதையில்லை என்பது போல. எனக்குள் ஏதோ உறுத்தியது, ஆனால் விதி இருந்தது. அன்று பின்னேரம் அண்ணையின் பெல்ட்டையும் சப்பாத்துக் கயிற்றையும் சவரக்கத்தியையும் வாங்கி வைத்துக்கொண்டு, தாதிகளின் அறைக்கு எதிரே கண்ணாடிக் கதவுள்ள அறைக்கு மாற்றிவிட்டார்கள். வார இறுதி அனுமதி போய்விட்டது.

நான் வீட்டுக்குக் கிளம்பும்போது அண்ணை ஒரு கையால் காற்சட்டையைப் பிடித்துக்கொண்டு நடைவழியில் நின்றார்.

"தங்கச்சி, நான் என்ன பிழையாச் சொன்னனான்?"

"ஒண்டும் பிழையில்லை அண்ணை."

"செத்த மாதிரிக் கண்டா ஆயுசு கூட எண்டு இவைக்கு ஒருத்தரும் சொல்லேல்லையோ?"

சிரிப்பு வந்துவிட்டது. எங்கள் பக்கத்தில் இது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். கனவில் சாவைக் கண்டால் நல்லது, கண்டவருக்கு ஆயுள் நீளும். கலியாணத்தைக் கண்டால்தான் பயப்பட வேண்டும், அந்த வீட்டில் சாவு விழும். அண்ணை டொக்டருக்கு ஒரு நற்செய்தி சொல்லியிருக்கிறார். தனக்கு வாழ்வு இருக்கிறது என்று சொல்லியிருக்கிறார். நாங்கள் அவர் காற்சட்டையை அவிழ விட்டிருக்கிறோம்.

டொக்டரின் அறைக்கு ஓடினேன். வெளியூரில் ஒரு கூட்டத்துக்குப் போய்விட்டார், அடுத்த செவ்வாய்தான் வருவார் என்றார்கள். அங்கிருந்த உதவி டொக்டரிடம் சொன்னேன். அவர் மிகவும் சுவாரசியம் என்றார். சுவாரசியத்தால் பெல்ட் திரும்பி வருவதில்லை.

அடுத்த செவ்வாய் அறைக்குள் எல்லோருக்கும் முன்னால் போய் டொக்டரைப் பிடிக்க வேண்டும் என்று கிளம்பினேன். அன்றைக்கென்று பார்த்து ரயில் நடுவழியில் நின்றது. ஓடிப்போய்க் கதவைத் திறந்தால் இருவரும் உட்கார்ந்திருக்கிறார்கள், என்னைக் கண்டதும் அண்ணை தொடங்கிவிட்டார். தலை வாரி, சட்டைப் பொத்தான் கழுத்துவரை போட்டிருந்தார்.

"இன்னொரு கனவு கண்டனான் எண்டு சொல்லுங்கோ. என்ர மகளுக்குக் கலியாணம். மேளச் சத்தம், பந்தல், வாழை, எல்லாம் கட்டி, சனம் நிறைஞ்சு போய் நிக்குது. பிள்ளை கூறைச் சீலையோடை நிக்கிறாள். நல்ல வடிவாக் கிடந்தது."

சொல்லி முடித்துவிட்டு, டொக்டரைப் பார்த்துப் புன்னகைத்தபடியே, உதடு அதிகம் அசையாமல் என்னிடம் சொன்னார்: "அப்படியே சொல்லுங்கோ தங்கச்சி. ஒண்டும் கூட்டாதேங்கோ."

அண்ணை எங்களைப் படித்துவிட்டார். இந்த ஊரில் எல்லாம் தலைகீழ் என்று கண்டுபிடித்துவிட்டார். சாவைச் சொன்னால் பூட்டுவார்கள், கலியாணத்தைச் சொன்னால் திறந்து விடுவார்கள். அந்தக் கனவை அவர் உண்மையாகவே கண்டிருக்கிறார் என்பது அவர் மடியில் ஒன்றையொன்று நெரித்துக்கொண்டிருந்த கைகளைப் பார்த்தால் தெரிந்தது. திறந்து விட்டால் இந்த மனிதர் எங்கே போகப் போகிறார்?

கனவைச் சொன்னேன். டொக்டரின் முகம் மலர்ந்தது. மனம் எப்போதும் பின்னால் மட்டும் பார்ப்பதில்லை, முன்னாலும் பார்க்கும் என்று கிழவர் சொன்னது அவருக்கு மிகப் பிடித்த கருத்து. மகள் வளர்ந்து மணப்பெண்ணாக நிற்கிறாள் என்றால் இவர் எதிர்காலத்தைப் பார்க்கத் தொடங்கிவிட்டார் என்றுதானே தோன்றும்! மிகவும் சந்தோஷம், இந்த வாரம் வெளியே போவதைப் பற்றிப் பேசலாம் என்று டொக்டர் தொடங்கினார்.

நீங்கள் இருந்தால் என்ன செய்வீர்கள்? என் வாயிலிருந்து விளக்கம் பாய்ந்து வரப் பார்த்தது. ஆனால் கூட்டாதே என்று சொன்னது டொக்டர் மட்டுமில்லை, இப்போது அண்ணையும் சொல்லிவிட்டார். அது அவர் கனவு, அவர் மகள். நான் அவருக்கு மேலே ஏறி நின்று அவரைப் பற்றி டொக்டரோடு பேசினால், அவர் இந்த நாட்டில் நம்பிய ஒரு வாயும் போய்விடும். பேசாமல் இருந்தாலோ கதவு திறந்துவிடும். அப்போதுதான் விதியின் இரண்டாவது பாதி நினைவுக்கு வந்தது. குறைக்கவும் கூடாது. நான் ஒன்றைக் குறைத்திருக்கிறேன்.

"மன்னியுங்கள், அவர் சொன்னதில் ஒன்று பாக்கி இருக்கிறது" என்று ஜெர்மனில் சொன்னேன். "'அப்படியே சொல்லுங்கள் தங்கச்சி, ஒன்றும் கூட்டாதீர்கள்' என்றும் சொன்னார்." பிறகு அண்ணையிடம் திரும்பி, நான் என்ன சொன்னேன் என்பதைத் தமிழில் சொன்னேன்.

டொக்டர் பேனாவைக் கீழே வைத்தார். என்னைப் பார்க்கவில்லை, அண்ணையைப் பார்த்தார். "கூட்டினால் எது கூடிவிடும்?" என்று கேட்டார்.

அண்ணையின் புன்னகை போய்விட்டது. "நீ எங்கட பிள்ளை எண்டெல்லோ நினைச்சன்" என்றார் என்னிடம்.

அதையும் மொழிபெயர்த்தேன். என் குரலாலேயே, என்னைப் பற்றியே. நாற்காலி ஆடியது.

இப்படி ஒரு பேச்சுக்குப் பின் வருகிற மௌனத்தை நிரப்ப முயலாதீர்கள். எங்கள் வேலையில் பாதி அதுதான். அண்ணை ஜன்னலைப் பார்த்தார், பிறகு அவிழ்ந்து கிடந்த தன் சப்பாத்துகளைப் பார்த்தார். கடைசியில், "சொல்லு. நீயே சொல்லு. எனக்கு வாயிலை வருகுதில்லை" என்றார்.

சொன்னேன். எங்கள் ஊரில் கலியாணக் கனவு என்றால் என்ன என்று சொன்னேன். டொக்டர் கேட்டுக்கொண்டே இருந்தவர் திடீரென்று நிமிர்ந்தார். "அப்படியானால் போன வாரம்..."

"ஓம். அது நல்ல கனவு."

டொக்டர் இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டார். பிறகு எழுந்து வெளியே போய், பெல்ட்டையும் சப்பாத்துக் கயிற்றையும் தானே எடுத்துக்கொண்டு வந்து அண்ணையின் கையில் கொடுத்து, தான் பிழை விட்டதாகச் சொன்னார். அண்ணைக்கு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை. ஊரில் எந்த டொக்டரும் அவரிடம் அப்படிச் சொன்னதில்லை.

அதன் பிறகுதான் விஷயம் வெளியே வந்தது. மகளுக்கு ஏதோ நடந்துவிட்டது அல்லது நடக்கப் போகிறது. ஊருக்குப் போக வேண்டும். "கந்தோரிலை போய் என்ர அன்ட்ராக்கைத் திருப்பி எடுக்கப்போறன். எழுதிக் குடுத்தா அவையே அனுப்பி வைப்பினமாம்." அன்ட்ராக்கை, அதாவது அகதி விண்ணப்பத்தை, அந்த அலுவலகத்தில் ஒருமுறை திரும்ப எடுத்துவிட்டால் பிறகு கொடுக்க முடியாது. கொழும்பு விமான நிலையத்தில் இறங்குகிற எங்கள் ஆட்களுக்கு என்ன நடக்கிறது என்பது ஹைமில் எல்லோருக்கும் தெரியும், அண்ணைக்கும் தெரியும். தெரிந்துகொண்டே போகத் தயாராக இருந்தார்.

மூடநம்பிக்கை என்று டொக்டர் ஒரு சொல் சொல்லியிருந்தால் அன்றோடு முடிந்திருக்கும். சொல்லவில்லை. தன் பாணியிலும் விளக்கவில்லை. "அந்தக் கலியாணத்தில் நீங்கள் எங்கே நின்றீர்கள்?" என்று கேட்டார்.

அண்ணைக்கு அந்தக் கேள்வி விளங்கவில்லை. பிறகு விளங்கியது. முகம் மாறியது.

"நான் பஸ்ஸுக்குள்ளை" என்றார். "மாப்பிள்ளை வீட்டுச் சனத்தை ஏத்திக்கொண்டு வந்தது நான்தான். எல்லாரும் இறங்கிப் போட்டினம். நான் சீற்றிலேயே இருக்கிறன். எஞ்சின் ஓடிக்கொண்டு கிடக்குது. வா எண்டு ஒருத்தரும் கூப்பிடேல்லை. இறங்கவும் ஏலாமக் கிடக்கு."

"எஞ்சினை நிறுத்தினால்?"

"நிப்பாட்டினா இறங்கலாம்." தன் கைகளைப் பார்த்துக்கொண்டு, "பிள்ளையைக் கிட்டப் போய்ப் பாக்கலாம்."

அழுதார். பேச்சு நின்ற நாளிலிருந்து அழாத அழுகை. நான் குனிந்துகொண்டேன். மொழிபெயர்க்க ஒன்றும் இருக்கவில்லை.

பிறகு டொக்டர் சொன்னதை நான் மறக்க மாட்டேன். நீங்கள் இங்கே உங்கள் விருப்பத்தில் இருக்கிறீர்கள், நான் உங்களைக் கட்டி வைக்க முடியாது என்றார். "ஆனால் என்னிடம் கனவுக்கு ஓர் அகராதி இருந்தது. அது உங்கள் விஷயத்தில் இரண்டு தடவை பிழையாகிவிட்டது. உங்களுடையது ஒரு தடவையாவது பிழையாகாது என்று எப்படி இவ்வளவு நிச்சயமாக இருக்கிறீர்கள்? ஊரிலிருந்து ஒரு செய்தி வரும் வரை எழுதிக் கொடுக்காமல் இருங்கள். அதற்குப் பிறகு போவதென்றால் நானே கந்தோருக்குக் கூட வருகிறேன்."

மொழிபெயர்த்து முடித்ததும் அண்ணை டொக்டரை முதல் தடவையாக நேராகப் பார்த்தார். "அவ கெட்டிக்காரி" என்றார் என்னிடம். அதையும் சொன்னேன். டொக்டர் சிவந்துவிட்டார்.

காத்திருந்தது சுலபமாக இருக்கவில்லை. அப்போது ஊரோடு தொலைபேசித் தொடர்பு இல்லை, போரால் பாதை பூட்டியிருந்தது. கொழும்புக்குப் போகிறவர்கள், வருகிறவர்கள் வழியாகச் சொல்லி அனுப்பினோம். டொக்டர் வார இறுதிகளில் அண்ணையை ஹைமுக்குப் போக விட்டார். திங்கட்கிழமை கந்தோர் திறக்கிற நேரத்தில் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருப்பேன். செவ்வாய்க்கிழமை அறைக் கதவைத் திறக்கும்போது அவர் நாற்காலியில் இருக்கிறாரா என்றுதான் முதலில் பார்ப்பேன். இருப்பார். ஒவ்வொரு தடவையும் அந்த பஸ்ஸைப் பற்றியே பேசினார்கள். எந்த இடத்தில் நிறுத்தலாம், யார் கூப்பிட்டால் இறங்குவார். என் கனவுக் கடையை நான் மூடியதும் அந்த வாரங்களில்தான். இப்போது சமையலறையில் யாராவது கேட்டால், கனவில் நீங்கள் எங்கே நின்றீர்கள் அக்கா என்று மட்டும் கேட்கிறேன். கனவு டொக்டருக்குக் கைராசி போய்விட்டது என்கிறார்கள்.

சிவராசா அண்ணையை நீங்கள் ஹம்மில் பார்க்கலாம். ஒரு தொழிற்சாலையில் வேலை. நகர பஸ்ஸில் ஏறினால் சாரதிக்கு நேர் பின்னால் உட்கார்ந்துகொண்டு, ஒவ்வொரு வளைவிலும் காலால் பிரேக் பிடிப்பார். நான் அடுத்த மாதம் வைத்தியம் படிக்கப் போகிறேன். மறுபடி முதல் வருடத்திலிருந்து, பரீட்சைகள் உட்பட. அண்ணையிடம் சொன்னபோது, "பெயில் விட்டா ஆஸ்பத்திரிக்கே திரும்பி வாங்கோ, அந்த ஆடுற நாற்காலி கிடக்குது" என்றார்.

கடைசியாக, அண்ணை காத்திருந்த செய்தியைக் கொண்டுவந்த கசெட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

ஹைமுக்குப் புதிதாக வந்த ஒருவர் அதைக் கொண்டுவந்தார். அந்த நாட்களில் ஊரில் குரலைப் பதிந்து அனுப்புவது வழக்கமாகியிருந்தது. அண்ணை அதைத் தனியாகக் கேட்கவில்லை. சட்டைப் பையில் வைத்துக்கொண்டு செவ்வாய்க்கிழமை வரை பொறுத்து, அறைக்குக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். வார்டுத் தாதி தன்னுடைய கசெட் ரேடியோவைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, போகாமல் கதவில் சாய்ந்து நின்றார்.

முதலில் மனைவியின் குரல். மண்ணெண்ணெய் இல்லை, மழை பெய்கிறது, உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கோ. நான் வரிக்கு வரி சொல்லிக்கொண்டு போனேன். அண்ணையின் கண் சுழல்கிற நாடாவிலேயே இருந்தது. பிறகு ஏதோ உரசல், ஒரு சின்ன இருமல், பிறகு மகள்.

"அப்பா, தீபாவளிக்கு வெடி கொளுத்த விடேல்லை, ஆமி வந்திடுமாம். அப்பா, போன கிழமை நீங்கள் செத்துப்போன மாதிரிக் கனவு கண்டனான். நான் அழுதிட்டன். அம்மா சொன்னவ..."

அண்ணை பட்டனை அழுத்தி நிறுத்தினார். கைகளால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார். நான் அதுவரை வந்ததை அப்படியே ஜெர்மனில் சொன்னேன்: நீங்கள் இறந்துபோன மாதிரிக் கனவு கண்டேன் அப்பா. கதவில் நின்ற தாதியின் முகம் வெளுத்தது. கடவுளே, குழந்தை இப்படியா சொல்ல வேண்டும் என்று முணுமுணுத்துக்கொண்டு அண்ணையின் தோளைத் தொட வந்தார்.

டொக்டர் கையை உயர்த்தி அவரை நிறுத்தினார். முகம் முழுக்கச் சிரிப்பு. "பயப்படாதீர்கள், இது மிக நல்ல செய்தி" என்று தாதியிடம் சொன்னார். "அவர்கள் ஊரில் சாவைக் கண்டால் ஆயுள் கூடும். இவருக்கு நீண்ட ஆயுள் என்று மகள் சொல்லி அனுப்பியிருக்கிறாள்." எந்த வரியையும் விடாமல், அண்ணை என்னிடம் சொன்ன மாதிரியே, ஒரு பருத்தித்துறைக்காரியின் நிச்சயத்தோடு சொன்னார்.

அதை அண்ணைக்குத் தமிழில் சொன்னேன். தாதிக்கு நான் விளக்க எதுவும் மிச்சமில்லை. அண்ணை கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"என்ன தங்கச்சி, உங்களுக்கு இண்டைக்கு வேலையில்லைப் போலை."

அதையும் மொழிபெயர்த்தேன்.